மருந்து ஒன்று, வாசல்கள் பல: காசநோயாளருக்கான சேவைகளை ஒருங்கிணைத்தல்

காசநோய்க்கு மருந்து உண்டு. அது விலையின்றியும் கிடைக்கிறது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோயாயின், ஆறு மாதங்கள் தவறாமல் உட்கொள்வோரில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். அவ்வாறிருந்தும், சிகிச்சை தொடங்கிய பின்னரும் சிலர் இறக்கின்றனர். அவ்விறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது. மருந்து கையில் இருக்கும்போதே உயிர் போவது ஏன்?

இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் மருந்துச் சீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரே மனிதரிடம் நோயும், பசியும், மதுப்பழக்கமும், நிலையற்ற வேலையும், வீடின்மையும் ஒன்றாகச் சேரும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றை வளர்க்கிறது. இந்நிலையைப் ‘பன்முக நலிவு’ எனலாம். இதற்கு ஒரு மருத்துவரோ ஒரு துறையோ தனித்து விடை தர இயலாது. உதவிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருவரைச் சுற்றி ஒன்று சேர்ப்பது எவ்வாறு என்பதே இவ்விதழின் பாடம். நோயாளிகளும் குடும்பத்தாரும் தாமே செய்யக்கூடியவை இதில் பல உள்ளன.

எல்லைப் பகுதியின் தனி இயல்பு

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. சிப்காட் வளாகங்களும், அவற்றைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்களும், கிரானைட் குவாரிகளும், பட்டறைகளும், மலர்ப் பண்ணைகளும் இங்குப் பல மாநிலத்தவரை ஈர்த்துள்ளன. புறநோயாளர் பிரிவின் ஒரே வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா ஆகிய மொழிகள் ஒலிக்கின்றன. காலையில் அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருவில் வேலை செய்து, இரவில் ஓசூருக்குத் திரும்புவோரும் உளர். ஆகவே ஒருவருடைய வேலை ஒரு மாநிலத்திலும், உறைவிடம் இன்னொரு மாநிலத்திலும், குடும்ப அட்டை மூன்றாவது மாநிலத்திலும் இருப்பது இங்கு இயல்பான ஒன்று. சேவைகளோ பெரும்பாலும் மாநில எல்லையையும் முகவரிச் சான்றையும் பார்த்தே திறக்கின்றன.

கிரானைட் தொழிலாளரைப் பற்றி ஒரு குறிப்பு. கல்லை அறுக்கும்போதும் மெருகேற்றும்போதும் எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து ‘சிலிக்கோசிஸ்’ என்னும் நோயை உண்டாக்கும். இந்நோய் உள்ளோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதி. எனவே குவாரியிலோ பட்டறையிலோ வேலை செய்தவர்கள், கேட்கப்படாவிட்டாலும், எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பலருடைய நிலைகளைச் சேர்த்து அமைத்த ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். அவர் ஒடிசாவைச் சேர்ந்தவர், வயது 34. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். ஓர் அறையில் அறுவருடன் தங்கியிருக்கிறார். உயரம் 165 செ.மீ., எடை 42 கிலோ. இரண்டு மாத இருமல். சளியில் காசநோய்க் கிருமி உறுதியாகியுள்ளது. இரத்தச் சர்க்கரை 280. நாள்தோறும் மாலையில் மது. மூச்சு நிமிடத்திற்கு 26 முறை. நோய் இன்னதென்று அறிந்ததும், ஒப்பந்ததாரர் இனி வரவேண்டாமென்கிறார்; வீட்டு உரிமையாளர் அறையைக் காலி செய்யச் சொல்கிறார். ஆதார் அட்டை ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது.

இவர் ஒவ்வொரு வாசலுக்கும் தனியே சென்றால் என்ன நிகழும்? காசநோய்ப் பிரிவில் மாத்திரை கிடைக்கும். சர்க்கரைக்கு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். ஊட்டச்சத்து உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். வங்கியில் ஆதார் கேட்பார்கள். நியாயவிலைக் கடையில் அட்டை எங்கே என்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் சொல்லப்படுவது சரியான விடையே. ஆனால் அச்சரியான விடைகள் அனைத்தையும் சுமந்துகொண்டு, அவர் வெறுங்கையுடன் அறைக்குத் திரும்புவார். மூன்றாம் வாரத்தில் மாத்திரையும் நின்றுவிடும்.

இதை நான் நூலிலிருந்து மட்டும் எழுதவில்லை. பட்ட மேற்படிப்புக் காலத்தில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கினேன். நோயைச் சரியாகக் கண்டறிந்தேன். மருந்தின் அளவும் சரி. ஒரு மாதம் கழித்து வருமாறு சொல்லி அனுப்பினேன். என்ன உண்கிறார், எங்கே படுக்கிறார், எழுந்து நடக்க முடிகிறதா என்று நான் கேட்கவில்லை. மாதம் முடியுமுன் அவருடைய மனைவி மட்டும் வந்தார். மீதி மாத்திரைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். “வேற யாருக்காச்சும் ஆகும்னு எடுத்தாந்தேன் சார்” என்று மேசைமீது வைத்துவிட்டுப் போனார். அன்று நான் கேட்கத் தவறிய கேள்விகளையே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

முதல் பாடம்: முதல் நாளிலேயே வகைப்படுத்துதல்

தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணைநிற்கிறது. இதன் கருத்து எளியது: காசநோயாளர் அனைவருக்கும் ஒரே மருந்து போதும், ஆனால் அனைவருக்கும் ஒரே கவனிப்புப் போதாது. இரத்தப் பரிசோதனையோ படக்கருவியோ இன்றி, நோய் கண்டறியப்பட்ட அன்றே சில அளவுகளைக் கொண்டு கடும் நிலையில் உள்ளோரைப் பிரித்தறிகின்றனர். குடும்பத்தாரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

1. உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ். (எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 38 கிலோ.)
2. குறியீடு 16 அல்லது அதற்குக் கீழ் இருந்து, இரு கால்களிலும் வீக்கம்.
3. மூச்சு நிமிடத்திற்கு 24 முறைக்கு மேல்.
4. விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ்.
5. பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலாமை.

இவற்றுள் ஒன்று இருப்பினும், அவரை விரிவாகப் பரிசோதித்து, தேவையாயின் மருத்துவமனையில் சேர்த்துப் பேணுதல் வேண்டும். நம் எடுத்துக்காட்டிலுள்ளவரின் மூச்சு 26. நடந்து வந்தார், பேசினார் என்பதனால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. இங்கு ஒருங்கிணைப்பின் முதல் படி தெளிவாகிறது: சேர்க்கை என்பது ஊசி மருந்துக்கு மட்டுமன்று. அந்நாள்களில் உணவு கிடைக்கிறது, படுக்கை கிடைக்கிறது, மற்ற வாசல்களைத் திறப்பதற்கான கால அவகாசமும் கிடைக்கிறது.

மதுப்பழக்கம் உள்ளவரைச் சேர்க்கும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். முன்பே தெரிந்தால் தடுக்க மருந்து உண்டு. மேலும், காசநோய் மருந்துகளுள் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை; மது அந்த ஆபத்தைக் கூட்டும். கண் மஞ்சளாதல், வாந்தி, சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை தோன்றினால் அன்றே வருதல் வேண்டும்.

இரண்டாம் பாடம்: உணவும் சிகிச்சையே

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காசநோயாளரின் குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவு வழங்கப்பட்ட குடும்பங்களில், புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. 42 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது இரண்டு கிலோவுக்குச் சற்றே மேல். ஆகவே முதல் இரண்டு மாதங்களில் எடை இயந்திரம் மருந்துச் சீட்டுக்கு நிகரானது. ஒவ்வொரு வருகையின்போதும் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வுணவு எங்கிருந்து வரும்? நிக்ஷய் போஷண் திட்டத்தின்படி, 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும், சிகிச்சைக் காலம் முழுவதும் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தம் மாநிலத்தில் அட்டை பெற்றவர், அதன் எண்ணைத் தெரிவித்துக் கைரேகை வைத்து, இங்குள்ள நியாயவிலைக் கடையிலும் தானியம் பெறலாம். ஊரில் உள்ள குடும்பம் தன் பங்கை அங்கேயே பெறவும் வழியுண்டு. இதை அறியாமையால் பயன்படுத்தாதோர் பலர்.

மூன்றாம் பாடம்: தனியே விடாமை

சென்னையில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. காசநோயாளர் பல மாதங்கள் சானடோரியத்தில் தங்கியே குணமடைய முடியும் என்று நம்பப்பட்ட காலம் அது. நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறுபகுதியினரை அவர்கள்தம் நெருக்கமான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தைத் தந்து, ஓராண்டு ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களுடைய வீட்டார்க்கும் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

இவ்வாய்வை ‘மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும்’ என்று புரிந்துகொள்வது பிழை. அந்நோயாளிகளின் வீடுகளுக்குப் பணியாளர்கள் சென்றனர், மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்கொண்டதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதிசெய்தனர். நீக்கப்பட்டது சானடோரியச் சுவர், துணை நீக்கப்படவில்லை.

இங்கிலாந்தில் 2014 முதல் 2022 வரை தேசிய லாட்டரி நிதியின் உதவியுடன் 12 பகுதிகளில் ஒரு திட்டம் நடைபெற்றது. வீடின்மை, போதைப் பழக்கம், மனநோய், குற்ற வழக்கு ஆகியவை ஒருங்கே சூழ்ந்தோருக்கானது அது. அங்கு மையமாக விளங்கியவர்கள் ‘வழித்துணைவர்’ எனத்தக்க பணியாளர்கள். ஒருவரை ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு மாறாக, அவருடன் தாமே செல்வது அவர்கள் பணி.

நம் மாவட்டத்துக்கு இக்கருத்து புதியதன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிலேயே சேர்ப்பிக்கும் அப்பணியாளரிடம், “எங்கள் வீட்டில் காசநோய் மருந்தும் நடக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு சேவைகள் அந்த ஒரு வார்த்தையால் இணைகின்றன.

நான்காம் பாடம்: வரிசை அறிதல்

எது கிடைத்தால் எது திறக்கும் என்பதை அறிந்து, அவ்வரிசையில் முயல வேண்டும்.

*முதல் வாரம்: உயிர்.* மூச்சு, உணவு, படுக்க இடம். சேர்க்கை தேவையா என்பது அன்றே முடிவாதல் வேண்டும். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளும், மருந்துக்கு நோய் கட்டுப்படுமா என அறியும் பரிசோதனையும் இப்போதே செய்யப்படுதல் வேண்டும்.

*இரண்டாம் வாரம்: தாள்கள்.* ஆதார் அட்டையை மீட்டல், வங்கிக் கணக்கு, நிக்ஷய் எண். ஆதார் அட்டையைப் பிறர் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை. எண்ணோ பதிவுசெய்த கைப்பேசியோ இருந்தால் புதிய படியைப் பெறலாம். வங்கிக் கணக்கு இல்லாமல் ஊட்டச்சத்துத் தொகை வாராது. ஆகவே அதற்கு முன்னுரிமை.

*மூன்றாம் வாரம் முதல்: வேலையும் வருவாயும்.* மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் அடங்குவர். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். ஒப்பந்ததாரர் சந்தா செலுத்தத் தவறினால் முதன்மை நிறுவனமே பொறுப்பு. சந்தா நிபந்தனை நிறைவேறியவருக்கு, நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு 91 நாள்கள் வரை கிடைக்கும். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளது. இரண்டாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு 80 விழுக்காடு வரை நீட்டித்த உதவி உண்டு. ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்தம் இருந்தும் எண் தரப்படாவிடின், இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் முறையிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித் தரும். அதன் உதவி எண் 15100.

*ஊர் மாறும்போது.* வேலை தேடிப் பெங்களூரு செல்வதாயினும், ஊருக்கே திரும்புவதாயினும், புறப்படுமுன் காசநோய்ப் பிரிவில் சொல்லுங்கள். உங்கள் நிக்ஷய் பதிவைச் செல்லும் இடத்துக்கு மாற்றித் தருவார்கள். மருந்து அங்கும் விலையின்றிக் கிடைக்கும். வழிக்கு வேண்டிய மாத்திரையைக் கேட்டுப் பெறுங்கள். எல்லையைக் கடப்பதால் சிகிச்சை முறியக்கூடாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நோயாளியின் பெயர், பேசும் மொழி, நிக்ஷய் எண், சிகிச்சை தொடங்கிய நாள், எடை, மற்ற நோய்கள், குடிப்பழக்கம், தங்குமிடம், வேலையிடம், கையிலுள்ள அட்டைகள், இல்லாத அட்டைகள் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியில், ‘இவருக்காக யாரை அழைக்க வேண்டும்’ என்று ஒரே ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் இத்தாள் உடன் செல்லட்டும். ஒவ்வோர் இடத்திலும் தம் துன்பக் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்வதே பலரைத் திரும்பி வராமற் செய்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இத்தாள் நோயாளிக்கு உரியது. அவருடைய இசைவின்றி நோயின் பெயரை முதலாளிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ தெரிவித்தல் கூடாது. விடுப்புக்கான சான்றிதழ் வேண்டுவோர், அது யாரிடம் போகும் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

வீட்டு உரிமையாளர் அஞ்சினால், அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை, உண்மையை விளக்கலாம். நோய்க்குப் பொருந்தும் மருந்தைத் தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றும் தன்மை விரைந்து குறையத் தொடங்குகிறது. இரண்டு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தட்டையும் தம்ளரையும் ஒதுக்கத் தேவையில்லை. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது, பாத்திரத்தின் வழியே அன்று. சன்னலைத் திறந்து வைத்தலும், இருமும்போது வாயை மூடுதலும் போதிய தொடக்கம். உடன் தங்கியிருப்போர் அனைவரும் பரிசோதனைக்கு வருதல் வேண்டும். நோயில்லாதோருக்குத் தடுப்பு மருந்து உண்டு. அறையிலுள்ள அறுவரும் இங்குக் குடும்பத்தாரே.

மனச்சோர்வு மிகுந்தாலோ, குடியை விட வழி தெரியாவிட்டாலோ, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம். நோயைக் காரணங்காட்டி வீட்டை விட்டு அனுப்பப்படும் பெண்கள் 181ஐ அழைக்கலாம். காசநோய் குறித்த ஐயங்களுக்கு 1800-11-6666.

நினைவிற் கொள்க

முதல் இரண்டு மாதங்களே மிகவும் கவனத்துக்குரியவை. எடை கூடுகிறதா என்று பாருங்கள். மதுவையும் சர்க்கரையையும் மறைக்காதீர்கள். ஒரு தாளும், துணையாக ஒரு பெயரும் இருக்கட்டும். ஊர் மாறுமுன் சொல்லுங்கள்.

அடுத்த முறை எங்கள் அறைக்குள் வரும்போது, நாங்கள் கேட்காவிட்டாலும், மூன்று செய்திகளை நீங்களாகவே சொல்லுங்கள்: நேற்று என்ன உண்டீர்கள், இன்றிரவு எங்கே படுப்பீர்கள், வேலை என்னவாயிற்று. இருமலைப் பற்றி நாங்கள் எப்படியும் கேட்டுவிடுவோம். இம்மூன்றையும் அறிந்தால்தான் எங்கள் மருந்துச் சீட்டு முழுமை பெறும்.